தொப்பிக்குள் நான்கு சீட்டு

காலை நாலே முக்காலுக்கு எழுந்துகொள்வேன். அலாரம் தேவையில்லை. பல் துலக்கிவிட்டு அடுப்பில் தண்ணீர் வைப்பேன். அது கொதிப்பதற்குள் சவரம். இடது கன்னம் முதலில். பிறகு வாசலில் கிடக்கும் செருப்பை மாட்டிக்கொண்டு மூன்று மாடி இறங்கி, தெருமுனைக் கடையில் பால் வாங்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுவேன். செருப்பு என்னுடையது இல்லை. குதிகால் இரண்டு விரல் அளவு வெளியே தொங்கும். ஐந்து மாதமாக அப்படித்தான். யாரும் கேட்டதில்லை. அந்த நேரத்தில் படியில் யாரும் இருப்பதில்லை.

டீ போட்டு ஒரு டம்ளர் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளரை மூடிவைப்பேன். அது அத்தைக்கு. அத்தை என் மனைவியின் அம்மா. முன்னறைக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். விழித்துத்தான் இருப்பார், நான் கிளம்பும்வரை கண்ணைத் திறக்க மாட்டார். காலையில் எங்கள் இரண்டு பேருக்கும் பேச எதுவும் இருப்பதில்லை.

கிறிஸ்மஸ் அன்றும் அதே நேரம், அதே வரிசை. நான் ஷூவுக்கு நாடா கட்டும்போது மட்டும் அத்தை கண்ணைத் திறந்தார்.

“இன்னைக்குமா டியூட்டி?”

“பாதி நாள்தான். பன்னிரண்டரைக்கு வந்துடுவேன்.”

“சின்னவளும் மாப்பிள்ளையும் பதினோரு மணிக்கே வந்துடுவாங்க. பொட்டலம் கட்டிட்டீங்களா?”

“கட்டிடறேன்.”

“போன வருஷமும் இப்படித்தான் சொன்னீங்க. கடைசியில அவதான் கட்டிக் கொடுத்தா.”

நான் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினேன்.

பஸ் டிப்போவில் நான் டைம் கீப்பர். வாசலை ஒட்டி ஒரு கண்ணாடிக் கூண்டு. எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று நோட்டில் எழுத வேண்டும். எனக்கு இயற்பியலில் பட்டம் உண்டு. இது படித்தவன் செய்கிற வேலையா என்று என் மனைவி கேட்பாள். “நேரத்தை அளக்கறதும் இயற்பியல்தானே” என்று பதிலையும் அவளே சொல்லிக்கொள்வாள்.

அன்று வண்டிகள் பாதிதான். பத்து மணிவாக்கில் பதினாலாம் நம்பர் உள்ளே வந்தது. ஓட்டுநருக்கு எல்லோரும் வைத்த பெயர் ஊதல். தெருவில் பூனை நடந்தாலும் ஹாரன் அடிப்பார். கூண்டின் துவாரத்தருகே குனிந்தார்.

“ஒன்பது நிமிஷம் லேட்,” என்றேன்.

“தெரியும் சார். மூணுன்னு போடுங்க. பண்டிகை நாள். ஏறுறவன் எல்லாம் கேக் பெட்டியைக் கொழந்தை மாதிரி தூக்கிட்டு ஏறுறான். இடிச்சா கோவிச்சுக்கறான்.”

“ஒன்பது.”

“கிறிஸ்மஸ் அன்னைக்குக்கூட ஒரு சின்னப் பொய் உங்க பேனாவுல இறங்காதா?”

“இறங்காது.”

“உங்களை வெச்சுக் குடும்பம் நடத்தின மகராசிக்கு…” என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த தன் கையையே பார்த்தார். பிறகு பேப்பரில் சுற்றிய ஒரு துண்டு கேக்கைத் துவாரத்தின் வழியே தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

ஒன்பது என்று எழுதினேன். எட்டு வருடத்தில் அந்த நோட்டில் ஒரு நிமிடத்தைக்கூட நான் கூட்டிக் குறைத்ததில்லை. பெரிய பொய் என்று வாழ்க்கையில் ஒன்றுதான் சொல்லியிருக்கிறேன். அது நோட்டில் இல்லை.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை காலை. என் மனைவி சமையலறையில் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். ஆம்புலன்ஸில் நான் கூடப் போனேன். ஆஸ்பத்திரி சேர்வதற்குள் நினைவு போய்விட்டது. மத்தியானம் உயிர். முப்பத்தொரு வயது.

அத்தையும் சின்னவளும் வந்து சேர்ந்தபோது நான் தாழ்வாரத்தில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தேன். அதை அத்தை இன்றுவரை வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். “கால்ல செருப்பு போடக்கூடத் தோணாம ஓடியிருக்கார், பாவம்.” நான் திருத்தியதில்லை.

அன்று அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார். மூன்று முறை கேட்டார். அவர் கை என் கையோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. ஏதாவது சொன்னால் நிற்கும் போலிருந்தது.

“அம்மாவைப் பார்த்துக்கோன்னு சொன்னா,” என்றேன்.

நின்றது.

அவள் அப்படிச் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் அத்தை இரண்டு பெட்டியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் அவரைப் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. சமைப்பது அவர், துவைப்பது அவர், மருந்துக்கடைக்குப் போய் வருவது அவர். முட்டிவலிக்காரர், மூன்று மாடிக்கு நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். நான் கை கொடுத்தால் “வேணாம், நீங்க களைச்சு வந்திருக்கீங்க” என்பார். ராத்திரி ஒன்பதுவரை டிவி ஓடும். இரண்டு பேரும் பார்க்க மாட்டோம்.

சின்னவள் என் மனைவியின் தங்கை. எட்டு மாத கர்ப்பம். தரைத்தளத்தில் வீடு, பின்னால் ஒரு அறை சும்மா கிடக்கிறது. அம்மாவைத் தன்னிடம் வரும்படி இரண்டு முறை கூப்பிட்டாள். இரண்டு முறையும் அத்தை ஒரே பதிலைச் சொன்னார். “பெரியவ என்னை அவர்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போயிருக்கா. சாகறப்ப சொன்ன வாக்கைத் தட்டச் சொல்றியா?”

அக்டோபரில் சின்னவள் எனக்கு போன் செய்தாள். “கடைசி நேரத்துலகூட அக்காவுக்கு என் ஞாபகம் வரலை, இல்ல மாமா? பெத்த பொண்ணு மாதிரி வளர்த்தா. அம்மாவை என்கிட்ட விடலாம்னு தோணலை பாருங்க.”

“அப்படி இல்ல,” என்றேன்.

“வேற எப்படி?”

வண்டி வருகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். வண்டி எதுவும் வரவில்லை. ஆக இரண்டு பொய். அதன்பிறகு அவள் என்னிடம் தேவைக்கு மட்டுமே பேசினாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அத்தை அந்த இரண்டு வார்த்தையைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறவர் மாதிரி இருந்தார். உருவ மனம் வரவில்லை. இன்னொன்றும் உண்டு. அவர் போய்விட்டால் வீட்டில் இருமுகிற சத்தம்கூட இருக்காது.

பன்னிரண்டு நாற்பதுக்கு வீட்டுக்கு வந்தேன். ஜன்னலில் அத்தை காகித நட்சத்திரம் கட்டியிருந்தார். போன வருடத்தது, ஒரு முனை மடங்கியிருந்தது. சகலை சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தார். சின்னவளின் கணவர், ஃப்ரிட்ஜ் மெக்கானிக். விருந்துக்கு வந்த வீட்டிலும் ஃப்ரிட்ஜைத் திறந்து காதை வைத்துக் கேட்காமல் உட்கார மாட்டார்.

“உங்க ஃப்ரிட்ஜ் ரொம்பப் பெருமூச்சு விடுது சகலை,” என்றார்.

“இருக்கட்டும்.”

சமையலறையில் அம்மாவும் மகளும் பேசுவது நடையில் கேட்டது.

“டாக்டர் பிப்ரவரி முதல் வாரம்னு சொல்லிட்டாங்க. இன்னைக்கு ஒரு முடிவு சொல்லும்மா. வரலைன்னா நான் வேற ஆள் பார்க்கணும். இனிமே கேக்க மாட்டேன்.”

“வர மாட்டேன்னா சொல்றேன். வர முடியாதுங்கறேன்.”

“உனக்கு ரெண்டு பொண்ணும்மா. செத்துப்போனவ மட்டும் இல்ல.”

பாத்திரம் ஒன்றை அழுத்தி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அத்தை சொன்னார். “உன் பக்கத்துல இருக்கணும்னு எனக்கு ஆசை இல்லைன்னு நினைக்கறியா? ஆசைப்பட்டு என்ன பண்றது.”

நான் படுக்கையறைக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். பொட்டலம் கட்ட வேண்டியிருந்தது.

அந்த வீட்டில் கிறிஸ்மஸுக்கு யாரும் கடையில் எதுவும் வாங்குவதில்லை. ஒரு வருடம் டிசம்பர் முழுக்க மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கடைக்குப் போக ஆளில்லை. என் மனைவிக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் கிடந்த சாமான்களையே நியூஸ்பேப்பரில் சுற்றி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். அப்பாவின் சீப்பை அம்மாவுக்கு, தன் ரப்பரைத் தங்கைக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதையும் சொன்னாள். அன்றிலிருந்து அதுவே சட்டமாகிவிட்டது. கொடுக்கிற பொருள் நீ புழங்கியதாக இருக்க வேண்டும். அது கையை விட்டுப் போனதும் அதைத் தேடி உனக்குக் கை அரிக்க வேண்டும். அதோடு சொல்கிற கதை மற்றவர்கள் கேட்காததாக, நடந்ததாக இருக்க வேண்டும். கதை பொய் என்றால் அன்றைய பாத்திரம் முழுவதும் நீதான் கழுவ வேண்டும். பொட்டலங்களுக்கு நம்பர் எழுதி, யாருக்கு எது என்று மாமனாரின் தொப்பியில் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். கல்யாணமான முதல் வருடம் நான் புதுச்சட்டை வாங்கிப் பளபள காகிதத்தில் சுற்றிக்கொண்டு போனேன். பத்து நிமிடம் சிரித்தார்கள். பாத்திரமும் கழுவினேன்.

அலமாரியில் என் பொருட்களைப் பார்த்தேன். பெல்ட், கைக்கடிகாரம், கல்லூரிக் காலத்து கால்குலேட்டர். எது போனாலும் தெரியாது. எல்லாவற்றையும் திரும்ப வைத்துவிட்டு, வாசலுக்குப் போய்க் குனிந்து எடுத்தேன். முந்தைய நாள் பேப்பரில் சுற்றி நூலால் கட்டினேன். நாலாம் நம்பர் போட்டேன்.

சாப்பாடு முடிந்தது. கோழி நன்றாக இருந்தது என்று எல்லோரும் ஒரு முறை சொன்னோம். சகலை இரண்டு முறை சொன்னார். தட்டுகளை அப்படியே அடுக்கி வைத்துவிட்டு முன்னறையில் உட்கார்ந்தோம். அத்தை தொப்பியை எடுத்துவந்தார். போன வருடம் அதில் ஐந்து சீட்டு. அத்தை நான்கைப் போட்டுவிட்டு, உள்ளே இன்னொன்று கிடக்கிறதா என்று பார்ப்பவர் போலப் பார்த்தார்.

சகலையின் பொட்டலம் எனக்கு விழுந்தது. பிரிக்காமலே தெரிந்தது. வருடா வருடம் ஸ்க்ரூடிரைவர்தான்.

“கதை கேளுங்க,” என்றார். “இதை அண்ணி என்கிட்ட இரவல் வாங்கிட்டுப் போய் ஒன்றரை வருஷம் தரலை. கேட்டா, ‘ஒரு ஸ்க்ரூவை இன்னும் தேடிட்டு இருக்கேன்’ம்பாங்க.”

சின்னவளின் பொட்டலம் சகலைக்கு. பிடி உடைந்த குடை. அதை உடைத்தது தான் என்றும், பெரியவள்தான் உடைத்தாள் என்று அப்பாவிடம் சொல்லி அவளுக்கு அடி வாங்கிக் கொடுத்தது தான்தான் என்றும் சொன்னாள். “தெரிஞ்சும் அக்கா காட்டிக் கொடுக்கலை. ஆனா ஒரு மாசம் என் தலை வாரி விடலை.”

அத்தையின் பொட்டலம் சின்னவளுக்கு விழுந்தது. பழுப்பு நிறக் கம்பளிச் சால்வை.

“நீ பிறந்தப்ப ஆஸ்பத்திரியில இதைத்தான் போத்தியிருந்தேன்,” என்றார் அத்தை. “பெரியவளுக்கு நாலு வயசு. பக்கத்துல வந்து நின்னு, ‘பாப்பாவுக்கு மட்டும் முழுசாப் போத்திட்டே’ன்னு ஓரத்துல நூலை உருவிட்டா. அந்த ஓட்டைதான் இது.” விரலை விட்டுக் காட்டினார். “யாருக்கு விழுந்தாலும் உன்கிட்டக் கொடுக்கச் சொல்லணும்னு இருந்தேன். உனக்கே விழுந்துடுச்சு. நான் வர முடியலைன்னாலும் இது இருக்கட்டும்.”

சின்னவள் சால்வையை மடியில் வைத்துக்கொண்டாள். பிரித்துப் போர்த்திக்கொள்ளவில்லை.

மிச்சம் நாலாம் நம்பர். அத்தை நூலைப் பல்லால் கடித்துப் பிரித்தார்.

“சரிதான்,” என்றார் சகலை. “மாமியாருக்குச் செருப்பைப் பொட்டலம் கட்டிக் கொடுத்த முதல் மருமகன் நீங்கதான். நான்கூட நினைச்சதோட சரி.”

சின்னவள் சிரித்துவிட்டாள். அத்தை சிரிக்கவில்லை.

“இது பெரியவளோடது.” கீழே வைத்து வலது காலை நுழைத்தார். “அவ அளவும் என் அளவும் ஒண்ணு. இது தொளதொளங்குதே.”

“நான்தான் போட்டுட்டு இருந்தேன். பால் வாங்கப் போறப்ப.”

அத்தை என் காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். “கதையைச் சொல்லுங்க.”

“பொய் சொன்னா பாத்திரம் கழுவணும்,” என்றேன். “பழைய பொய்க்கும் அது உண்டா?”

“பழசுன்னா அண்டாவும் சேர்த்து,” என்றார் சகலை. வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஆம்புலன்ஸ்ல அவ அப்படிச் சொல்லலை, அத்தை. அம்மாவைப் பார்த்துக்கோன்னு. அது நான் சொன்னது.”

ஃப்ரிட்ஜ் பெருமூச்சு விட்டது.

“நீங்க மூணு தடவை கேட்டீங்க,” என்றேன்.

அத்தை எழுந்தார். அந்தச் செருப்போடே சமையலறைக்குப் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தட்டுகள் ஒன்றோடொன்று மோதின.

சின்னவள் என்னைப் பார்க்காமல் பேசினாள். “அஞ்சு மாசம், மாமா.”

“ஆமா.”

“அஞ்சு மாசமா செத்துப்போனவளோட மனசுக்குள்ள சண்டை போட்டுட்டு இருக்கேன். அவ பதில் சொல்ல முடியாதுன்னு தெரிஞ்சும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் இருந்தீங்க.”

“ஆமா.”

சகலை அவள் முதுகில் கை வைத்தார். நான் சமையலறைக்குப் போனேன்.

“நகருங்க அத்தை. சட்டப்படி என் வேலை.”

அவர் நகரவில்லை. தேய்க்கும் நாரை மட்டும் என் பக்கம் நீட்டினார். நான் தேய்த்தேன். அவர் வாங்கித் துடைத்தார். ஆறு தட்டு முடிந்தது.

“என்னைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையா?”

“இல்ல.”

“சின்னவளைப் பத்தி?”

“இல்ல. யாரைப் பத்தியும் இல்ல.”

ஒரே தட்டை வெகுநேரம் துடைத்தார். அழுகிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். அழவில்லை. நாள் முழுக்க நின்றவர் போல இருந்தார்.

“இந்த மூணு மாடி ஏறி இறங்கி என் முட்டி தேஞ்சு போச்சு,” என்றார்.

“தெரியும்.”

“உங்களுக்காக இருந்தேன்னு நினைச்சுக்காதீங்க. அவ சொன்னான்னு இருந்தேன்.”

“சரி.”

“நீங்க போடற டீயை வாயில வைக்க முடியலை. தினமும் நீங்க போனதும் கொட்டிட்டு வேற போட்டுக்குவேன்.”

“அவளும் அதையேதான் பண்ணுவா.”

அத்தை மூக்கால் ஒரு சத்தம் போட்டார். சிரிப்பில் பாதி இருக்கும். தட்டை வைத்துவிட்டு முன்னறைப் பக்கம் குரல் கொடுத்தார். “சின்னவளே. பிப்ரவரின்னுதானே சொன்ன?”

“முதல் வாரம்,” என்று பதில் வந்தது.

“ஜனவரியிலேயே வந்துடறேன். அந்தப் பின்னறையில அடைச்சு வெச்சிருக்கற மூட்டையை எல்லாம் எடுக்கச் சொல்லு உன் புருஷனை.”

நாற்காலி நகர்ந்தது. சின்னவள் வந்து கதவோரம் நின்றாள். சால்வையைத் தோளில் போட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் சகலை, ஆளைப் பிடிக்கிற மாதிரி கையை வைத்துக்கொண்டு.

ஜனவரியிலிருந்து ஒரு டம்ளர் டீ போதும். அண்டாவை எடுத்துத் தேய்த்தேன்.

“போதும், விடுங்க,” என்றார் அத்தை. கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து, காலில் இருந்த செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “கதையை நீங்க இன்னும் சொல்லலை. கேக்காத கதைதானே இது?”

“ஆமா.”

“நடந்ததுதானே?”

“ஆமா.” குழாயை மூடினேன். “அன்னைக்கு நான் செருப்பு போடாம ஓடலை அத்தை. போட்டுட்டுத்தான் போனேன். பாதி வழியில கழட்டி அவ பையில வெச்சுட்டேன்.”

“ஏன்?”

“ஸ்ட்ரெச்சரை எடுத்துட்டு அவங்க இறங்கிட்டாங்க. நான் கதவைப் பூட்டிட்டு, கால்ல எது மாட்டுச்சோ அதைப் போட்டுட்டுப் பின்னாடியே ஓடினேன். வண்டியில அவ பக்கத்துல இருந்த பெஞ்சுல உட்கார்ந்தேன். அவ கண்ணைத் திறந்துதான் இருந்தா. ரெண்டாவது சிக்னல்ல வண்டி நின்னுது. தலையை லேசா என் பக்கம் திருப்பினா. என்னமோ சொல்லப்போறான்னு குனிஞ்சேன். என் முகத்தைப் பார்க்கலை. கீழ பார்த்தா.”

சின்னவள் சால்வையின் ஓட்டையில் விரலை விட்டிருந்தாள். அத்தை தலையை நிமிர்த்தவில்லை.

“என்ன சொன்னா?”

“‘அது என் செருப்பு. உன் கால் பட்டு அகலமாயிடும், கழட்டு’ன்னு சொன்னா.”